அவுட்டர் வைல்ட்ஸ் மெட்டுக்கு ஒரு ஹார்மோனிகா ஆள் வேண்டும்

2019-ல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் வீடியோ கேமை விளையாடியவர்கள் இங்கே இருந்தால் கொஞ்சம் கைகொடுங்கள். அதில் 22 நிமிடத்துக்கு ஒரு முறை சூரியன் வெடித்து நாம் செத்துப் பிழைப்போம், அது பழகிவிட்டது, ஆனால் வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஒரு இசை தொடங்குமே, அதை நண்பர் ஒருவர் காலை அலாரமாக வைத்துக்கொண்டு தினமும் உலகம் அழியப்போகிற பதற்றத்தில் பல் தேய்க்கிறார். எங்கள் கூட்டம் இப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேமுக்கு இசையமைத்த ஆண்ட்ரூ பிராலோவின் இசையில், அதில் வரும் விண்வெளிப் பயணிகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஒரே மெட்டில் தங்கள் பங்கை மட்டும் வாசிப்பார்கள். ரீபெக்குக்கு பாஞ்சோ, கேப்ரோவுக்குப் புல்லாங்குழல், செர்ட்டுக்கு மேளம், எஸ்கருக்கு வெறும் சீட்டி. விண்வெளியில் தூரமாகப் போய் தூரத்து ஒலிகளைப் பிடிக்கும் சிக்னல்ஸ்கோப் கருவியைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். முதல் தடவை கேட்டபோது கப்பலை ஓட்ட மறந்து சூரியனுக்குள் போய் விழுந்தேன்.

அதை நாங்களும் அவரவர் வீட்டிலிருந்து வாசித்துச் சேர்க்கப் பார்க்கிறோம். சீட்டி நான், வேறெதுவும் எனக்கு வராது. இன்னொரு பயணியான ஃபெல்ட்ஸ்பாரின் ஹார்மோனிகாவுக்குத்தான் ஆளில்லை, சுமாராக வாசித்தாலும் வாருங்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பதிவுகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அடுக்கினால் தொடக்கம் ஒழுங்காக இருக்கிறது, போகப்போக பாஞ்சோ முந்திக்கொண்டு ஓடுகிறது. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்து வாசிக்கச் சொன்னால் பாஞ்சோக்காரர் கோபித்துக்கொள்கிறார். மேளத்தை முதலில் பதிந்து மற்றவர்கள் அதைக் கேட்டபடி வாசித்தால் சரியாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் யாரும் இங்கே போட்டு உடைத்துவிடாதீர்கள், மேளக்காரர் இன்னும் விளையாடி முடிக்கவில்லை.