பொருள்: காளான் குடிலுக்குக் 'கூலிங் பேட்' – தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கோவையிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். காளான் வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'குடிலைக் குளிர வைக்க எதை வாங்குவது' என்ற பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஏசிக்குக் குளிரூட்டி இருக்கிறது. சிக்கல் மற்றதில். ஒரு சுவரில் தேன்கூடு மாதிரி மடிப்பு மடிப்பாக அட்டை, மேலிருந்து அதில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். எதிர்ச்சுவரில் பெரிய விசிறி காற்றை வெளியே இழுக்கும். வெளிக்காற்று நனைந்த அட்டை வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். அட்டைக்கு ஒரு பெயரும், மொத்தத்துக்கு ஒரு பெயரும் வேண்டும். இப்போதைக்கு 'ஆவியாதல் முறைக் குளிர்விப்பு அமைப்பு' என்று போட்டிருக்கிறேன். ஒரே பத்தியில் ஏழு முறை வருகிறது. எனக்கே மூச்சு வாங்குகிறது.

மதுரையிலிருந்து

அம்மா, நான்கு சொல்லை அடுக்கினால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. வேரிலிருந்து தொடங்குவோம். தண் என்பதே குளிர்ச்சிக்கு வேர். தண் + நீர் = தண்ணீர். அதை மறந்துவிட்டுத்தான் இன்று 'சுடுதண்ணீர்' குடிக்கிறோம். (தணல் எப்படி நெருப்பாயிற்று என்பது தனி மடலுக்குரியது, விரைவில் எழுதுவேன்.) வாடைக்காலத்தில் 'தொகுவாய்க் கன்னல் தண்ணீர் உண்ணார்' என்கிறது நெடுநல்வாடை. அப்படியென்றால் கோடையில் உண்டார்கள். மண்கலத்தின் புறத்தே நீர் கசிந்து ஆவியானால் உள்ளிருக்கும் நீர் குளிரும். கருத்து நமக்குப் புதிதன்று. ஆவியால் தண்மை தருவது, செய்பொருள் விகுதி இகரம்: ஆவித்தண்ணி.

சேலத்திலிருந்து

ஐயா, கோவிச்சுக்காதீங்க. 'ஆவித்தண்ணி எங்க கிடைக்கும்'னு நான் கடையில கேட்டா, நேரா டாஸ்மாக்குக்கு வழி காட்டுவாங்க. அதோட எங்க குடில்ல ஆவின்னா வைக்கோல் வேக வைக்கிற ஆவிதான். காளான் முளைக்கிற பெட்டுக்கு வைக்கோலை ஆவி காட்டி எடுத்துட்டு, அடுத்த பக்கத்துலயே 'ஆவியால் குளிர வைக்கவும்'னு எழுதினா, புதுசா வர்ற பையன் பாய்லரைத் திறந்து விட்டுருவான்.

நான் பட்டதைச் சொல்றேன். சிப்பிக்காளானுக்கு 25 டிகிரி பக்கம், ஈரப்பதம் 80க்கு மேல வேணும். போன கோடையில ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஸ்பிளிட் ஏசி போட்டேன். குளிர்ச்சி வந்தது, ஈரம் போச்சு. மூணாம் நாள் மொட்டு விளிம்பெல்லாம் பழுப்பாகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. கதவைச் சாத்தியே வச்சதால கரியமிலவாயு கட்டிக்கிட்டு, வந்த காளானும் காம்பு நீண்டு குடை சுண்டிப்போச்சு. அதுவும் மூச்சு விடுற ஜீவன்தானே. மறுபடி நனைச்ச கோணிச்சாக்கும் தரையில ஈர மணலும்னு பழைய வழிக்கே வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் பேடு, ஃபேன்.

சென்னையிலிருந்து

நான் குளிர்பதனத் துறை. எந்தச் சொல் வைத்தாலும், அது தராத குளிரை வாக்களிக்கக் கூடாது. நனைந்த அட்டை காற்றை ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே கொண்டுபோகவே போகாது. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 24. நல்ல அட்டை 27 வரை இறக்கும். சென்னையில் 35 டிகிரி, 60 விழுக்காடு என்றால் எல்லையே 28ஐத் தாண்டும்; கிடைப்பது 30. சிப்பிக்காளானுக்கு அது பற்றாது. ஆனால் 30–35 டிகிரியில் விளையும் பால்காளானுக்குத் தாராளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே-2 ரகம் பால்காளான்தான். மொட்டுக்காளானுக்கோ அறுவடைக் கட்டத்தில் 16–18 டிகிரி வேண்டும். ஊட்டி போன்ற மலை ஊர்களைத் தவிர வேறு எங்கே என்றாலும் கம்பிரசர் இல்லாமல் நடக்காது. கையேட்டில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. அதே பக்கத்தில் 'ஒன்றரை டன் குளிரூட்டி' என்று வருமே, அந்த டன் ஏசியின் எடை இல்லை. ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், சுமார் 3.5 கிலோவாட். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் வைத்து விற்ற ஊர் எங்களுடையது. கட்டடம் விவேகானந்தர் இல்லமாகிவிட்டது, பேருந்து நடத்துநருக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஏசிக்கு நாங்கள் வளிச்சீராக்கி என்போம். உங்கள் ஒப்பு ஈரப்பதம் எங்கள் பாடநூலில் சாரீரப்பதன். (பாட்டு ரீச்சர் ஒருவர் அதைக் குரல்வளம் என்று நினைத்தது வேறு கதை.) வளி என்ற சொல்லைக் கைவிட வேண்டாம் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

தஞ்சாவூரிலிருந்து

சேலத்து அண்ணன் சாக்கு என்றதும் நினைவு வந்தது. எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் சித்திரை பிறந்தால் வெட்டிவேர் தட்டி இறங்கும். மதியம் மூன்று தடவை செம்பில் தண்ணீர் எடுத்து அதன்மேல் விசிறி அடிப்பது என் வேலை. காற்று உள்ளே வரும்போது கன்னத்தில் சில்லென்று படும், கூடவே அந்த வாசம். நீங்கள் சொல்லும் அட்டை அந்தத் தட்டியேதான். செம்புக்குப் பதில் பம்பு. ஈரத்தட்டி என்றால் என்ன? மொத்த அமைப்புக்குத் 'தட்டி–விசிறி முறை'.

மதுரையிலிருந்து

தட்டி என்றால் இன்று தேர்தல் விளம்பரம். தெருமுனையில் தலைவர் படத்தோடு நிற்பது. அறிவியல் நூலில் அதை எப்படி வைப்பது? வெட்டிவேரை நினைவூட்டியதற்கு நன்றி. அந்தச் சொல்லைப் பிரெஞ்சுக்காரன் எடுத்துப்போய், அவனிடமிருந்து ஆங்கிலேயன் வாங்கி, கடைசியில் நெடுங்காலம் தாவரவியல் பெயராகவே வைத்திருந்தார்கள். அவர்கள் நம் சொல்லைக் கடைச்சரக்கு என்று ஒதுக்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் நடந்த செயலைச் சொல்லாமல் பொருளை மட்டும் சொல்வது பாதிச் சொல். ஆவித்தண்ணியை விட்டுவிடுகிறேன். ஆவிக்குளிர்ப்பி?

சேலத்திலிருந்து

இன்னைக்கு ஈரத்தட்டின்னு சொல்லிப் பார்த்தேன். பெட் கட்டுற அக்கா யாரையும் கேக்காம நேரா போய்ப் பேடுல தூசி தட்டுனாங்க. எனக்கு இது போதும்.

கோவையிலிருந்து, வியாழன்

ஐந்து பேர் தட்டி, ஒருவர் குளிர்ப்பி, ஒருவர் வளி. ஈரத்தட்டி என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கடையில் கூலிங் பேட் என்று கேட்கவும்'. 38க்கும் 35க்குமான கணக்கைக் கட்டம் போட்டுச் சேர்த்தாயிற்று. மூல நூலில் அது இல்லை, சென்னை நண்பர் சந்தேகப்பட்டது சரி. ஆவிக்குளிர்ப்பி என்பதைச் சொல்லடைவில் வைத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து

சொல்லடைவு என்பது கைவிடப்பட்ட சொற்களின் முதியோர் இல்லம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அச்சகத்தில் ஒற்று விழுங்கி 'ஈர தட்டி' என்று வந்தால் குழுவிலிருந்து விலகிவிடுவேன். மெய்ப்பு எனக்கு ஒருமுறை வரட்டும். தணல் பற்றி நாளை.