நொதி சேர்த்த சலவைத்தூள் குழந்தைத் தோலுக்கு ஆகாதா?

மலர்விழி: என் மகளுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு, சிவப்புத் தடிப்பு. நொதி (என்சைம்) சேர்த்த சலவைத்தூள்தான் காரணம் என்று நினைத்து ஒரு மாதமாகச் சாதாரணச் சோப்புத்தூள் போடுகிறேன். அரிப்பும் குறையவில்லை, சட்டையில் எண்ணெய்க் கறையும் போகவில்லை.

வெண்பட்டு: நீங்கள் மாறியது சரிதான். சலவை நொதிகளில் ஒரு வகை புரதத்தை அரிக்கும். பட்டு, கம்பளியில் பட்டால் இழையே கெட்டுவிடும். தோலும் புரதம்தானே? இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள்.

அலசல்: பட்டு, கம்பளி பற்றி வெண்பட்டு சொல்வது உண்மை. ஆனால் நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். நன்றாக அலசிக் காயவைத்த துணியில் அது தோலை அரிக்காது. நொதிக்குக் கெட்ட பெயர் வந்தது 1960களின் கடைசியில். சலவைத்தூள் ஆலைகளில் நொதித் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது. அப்புறம்தான் தூசி பறக்காதபடி நொதியை உறையிட்ட குருணையாக்கினார்கள். அது மூச்சுக்கு வந்த கேடு, தோலுக்கு அல்ல.

மலர்விழி, உங்கள் தூளில் வாசனை உண்டா? நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். லிமோனின், லினலூல் போன்ற வாசனைப் பொருள்கள் காற்றுபட்டு மாறும்போது ஒவ்வாமையைத் தூண்டும். திரவ சோப்பில் மெத்தில்ஐசோதயசோலினோன் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோலில் பூசிவிடும் கிரீம்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்த பதனப்பொருள் அது.

வெண்பட்டு: நொதித்தூளில் துவைத்து என் கை வெடித்தது. தூளை மாற்றியதும் ஆறியது. அனுபவித்தவள் சொல்கிறேன்.

அலசல்: நீங்கள் பட்ட வேதனையை நான் மறுக்கவில்லை. ஆனால் தூளை மாற்றியபோது வாசனை, காரம், போடும் அளவு எல்லாமே மாறியிருக்கும். கையால் துவைத்தால் காரத் தண்ணீரே தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடும். அது எரிச்சல், ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையா என்பதைத் தோல் மருத்துவர் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து பார்ப்பார். அதோடு, முழங்கை மடிப்பில் வரும் தடிப்பு எக்சிமா என்ற தோல் அழற்சியாகவும் இருக்கலாம். குழந்தையைக் காட்டிவிடுங்கள்.

இழை: உப்புத்தண்ணீரில் சோப்புத்தூள் போட்டால் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் படியும். அதுவும் உறுத்தும். கறைக்கு ஒரு வழி: தண்ணீர் படும் முன்பே, நிறமும் வாசனையும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து 15 நிமிடம் வையுங்கள். பிறகு துணி தாங்கினால் 40 டிகிரி நீரில் துவைக்கலாம். கொழுப்பைச் சிதைப்பது லிப்பேஸ் என்ற நொதி, அது இல்லாத தூளில் பழைய கறை லேசில் போகாது. பாலியஸ்டர் எண்ணெயை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கறை போனதைப் பார்க்காமல் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் கறை இழையில் நிலைத்துவிடும்.

வெண்பட்டு: வாசனையை விடச் சொல்வதை ஏற்கிறேன். குழந்தைத் துணிக்கு நொதி வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

மலர்விழி: என் தூளில் வாசனை இருக்கிறது, துணி மென்மையாக்கியும் போடுகிறேன். இரண்டையும் இன்றே நிறுத்தி, கூடுதலாக ஒருமுறை அலசுகிறேன். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.