பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறுகதைத் தொகுப்பு: யார் திருத்துவது, உரிமை யாருக்கு?

கேள்வி:
மதுரையில் மாதந்தோறும் கூடிக் கதை வாசிக்கும் நாங்கள் பன்னிரண்டு பேர், அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்குள் எங்கள் கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவர எண்ணுகிறோம். எவருடைய கதையும் இதுவரை அச்சேறியதில்லை. செலவைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள அனைவருக்கும் சம்மதமே. கதைகளைத் தேர்ந்து திருத்தும் பொறுப்பை யாரிடம் விடுவது என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை. நண்பரின் கதையை நண்பரே வெட்டினால் மனத்தாங்கல் வராதா? பதிப்புரிமையை யார் பெயரில் போடுவது?

முதல் பதில்:
பன்னிரண்டு பேரும் சேர்ந்து திருத்தினால் கதை எவருடையதாகவும் இராது. தொகுப்பாசிரியர் ஒருவரே இருக்கட்டும். பணம் கொடுத்தவரின் கதையை மறுப்பது கடினம் என்பதால், ஒவ்வொருவரும் மூன்று கதைகள் தந்து, அவற்றில் ஒன்றைத் தொகுப்பாசிரியர் எடுத்துக்கொள்வதாக முதலிலேயே பேசிவிடுங்கள். அப்போது ஆளை ஒதுக்காமல் கதையை மட்டும் ஒதுக்க முடியும். தொகுப்பாசிரியரின் கதையை மற்றவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். எழுத்துப்பிழை, சந்திப்பிழை, நிறுத்தற்குறி ஆகியவற்றை அவர் கேட்காமலே திருத்தலாம். ஆனால் ஒரு பத்தியை நீக்குவதோ முடிவை மாற்றுவதோ எழுதியவரின் கையால்தான் நடக்க வேண்டும். தொகுப்பாசிரியர் ஓரக்குறிப்பில் காரணத்தைச் சொல்வதோடு நிற்க வேண்டும். முதல் தொகுப்பில் எழுதுகிறவருக்கு அந்தக் குறிப்புகள்தாம் பெரிய பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் பதில்:
பதிப்புரிமை அந்தந்த எழுத்தாளரிடமே இருக்கட்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். உங்களுக்கு உரிமை மாற்றமே தேவையில்லை. இந்தத் தொகுப்பில் அச்சாகவும் மின்னூலாகவும் வெளியிட அனுமதி, எத்தனை ஆண்டுகளுக்கு, மறுபதிப்பு வந்தால் யாரைக் கேட்பது, விற்பனைத் தொகையை எப்படிப் பிரிப்பது என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினால் போதும். முதல் பதிலில் சொன்ன திருத்த வரம்பையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். தன் பெயருக்குக் களங்கம் தரும் வகையில் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை, பதிப்புரிமையைக் கொடுத்துவிட்ட எழுத்தாளருக்கும் சட்டத்தின் 57ஆம் பிரிவில் உண்டு.

மூன்றாம் பதில்:
கதைகளை ஒருங்குறியில் (யூனிகோடில்) மட்டுமே வாங்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை மாற்றும்போது புதிய பிழைகள் புகுந்துவிடும். பன்னிரண்டு பேரிடமிருந்து பன்னிரண்டு விதமாக வந்தால், மெய்ப்புப் பார்ப்பவரின் (அச்சுக்கு முந்தைய படியில் பிழை திருத்துபவரின்) பாடு திண்டாட்டம்தான். மெய்ப்பை எழுதியவர் ஒருமுறையும், அந்தக் கதையை முன்பு படித்திராத ஒருவர் ஒருமுறையும் பார்க்கட்டும். நூலுக்குரிய தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றிப் பெறலாம். அட்டை அச்சுக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மூன்று கதைகளில் ஒன்று என்ற ஏற்பாட்டை வரும் கூட்டத்தில் முன்வைக்கிறேன். தொகுப்பாசிரியராக, குழுவுக்கு வெளியே, சிற்றிதழ் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பது நல்லதா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில் அளித்தவர்:
கிடைத்தால் அவசியம் அழையுங்கள்; அவருக்குரிய ஊதியத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.