உடம்பு முழுக்கச் சிவந்தபோது

அப்பாவுக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சிவந்துவிட்டது. படுக்கையை உதறினால் ஒரு கைப்பிடி செதில் விழும். தொட்டால் தோல் கொதிக்கும், அவரோ இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். காய்ச்சல் என்று நினைத்து அதற்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். தோல் மருத்துவர்தான் விளக்கினார்: தோலில் ரத்த ஓட்டம் பெருகி, உடம்புச் சூடு வெளியே போய்விடுகிறது. அந்த நடுக்கம் அதனால்தான். உடல் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படிச் சிவந்து உதிர்ந்தால் எரித்ரோடெர்மா என்பார்களாம். சொரியாசிஸ், எக்ஸிமா, மருந்து ஒவ்வாமை, அபூர்வமாகத் தோலில் வரும் லிம்போமா என்ற புற்றுநோய் என எதுவும் அடியில் இருக்கலாம். முழுக்கச் சிவந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அவர் அப்பாவின் விரல்களைப் பிடித்து, நகங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடிக் குழிகள். “முழங்கையில், தலையில் முன்னாடி திட்டு இருந்ததா?” இருந்தது, பல வருடமாக. பொடுகு என்றே விட்டிருந்தோம். அப்புறம் ஸ்டீராய்டு பற்றிக் கேட்டார். அரிப்புக்குத் தானாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதை அப்பா அப்போதுதான் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாது. சொரியாசிஸைக் கிளப்பிவிட்டது அதுதான் என்றார் மருத்துவர்.

தோலில் சிறு துண்டு வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சியில், முதல் முறை வெறும் ‘நாள்பட்ட அழற்சி’ என்று வந்ததும் எனக்கு மனம் விட்டுப்போனது. இந்த நிலையில் அப்படி வருவது சகஜம் என்று உடம்பில் வேறு இடத்தில் மறுபடி எடுத்தார்கள். இரண்டாவதில் சொரியாசிஸ் உறுதியானது.

*

என் தங்கைக்கு மருந்துதான் காரணம். வலிப்புக்குக் கார்பமாஸெபைன் தொடங்கி நான்காவது வாரம் காய்ச்சல், முகவீக்கம், பிறகு உடம்பெல்லாம் சிவப்பு. மாத்திரை தொடங்கிய நாளை அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். மருத்துவர் முதலில் கேட்டதும் அந்தத் தேதியைத்தான். ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருந்தது, கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தது. உடனே மருந்தை நிறுத்தினார்கள். ஃபெனிடாயின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் இவளுக்கு ஆகாது என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்றும் அவள் பையில் இருக்கிறது.

*

மாமாவுக்கு எக்ஸிமா என்றே வைத்தியம் நடந்தது. அரிப்பு அடங்கவே இல்லை, அக்குளில் நெறி கட்டியது. மூன்றாவது பயாப்சியோடு ரத்தத்தையும் விரிவாகப் பார்த்தபோதுதான் லிம்போமா என்று தெரிந்தது. இப்போது சிகிச்சை நடக்கிறது. போன வாரம் முதல்முறையாக இரவு முழுக்கத் தூங்கினார்.