புதுப்பிப்பு: புல்தரையில் துளை போட எப்போது, எந்தக் கருவி?

கோலாலம்பூர் வீட்டு முற்றங்களில் மண் இறுகி, மழைத் தண்ணீர் புல் மேலேயே தேங்கினால் துளை போட வேண்டும் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். எந்த மாதம், எந்தக் கருவி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

கௌ கிராஸ் (cow grass, இங்கே முற்றங்களில் பரவலாக வளர்க்கும் அகன்ற இலைப் புல்) ஆண்டு முழுக்க வளரும். அதனால் மாதத்தைவிட ஈரம்தான் முக்கியம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. மார்ச் கடைசியில் செய்தால் ஏப்ரல் மழையில் புல் சீக்கிரம் தேறிவிடும்.

களிமண்ணுக்கு ஆணி முனைக் கருவி வேண்டாம். குத்தக் குத்தத் துளையின் சுவர் இன்னும் இறுகும். மண்ணை உருளையாக வெளியே எடுக்கும் குழாய் முனைதான் சரி. ஆழம் 5 முதல் 8 செ.மீ., இடைவெளியும் கிட்டத்தட்ட அதே அளவு. களி உருளைகளை வாரி எடுத்துவிட்டு, கழுவிய ஆற்று மணலை 10 சதுர மீட்டருக்கு 50 லிட்டர் கொட்டித் துடைப்பத்தால் துளைக்குள் தள்ளுங்கள். மணல் ஈரமாக இருந்தால் துளையின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். காய்ந்த மணலே இறங்கும். பினாங்கில் இருப்பவர்கள் கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம், உப்பு வேரைக் கருக்கிவிடும்.

புதிதாகப் பதித்த புல் என்றால் வேர் நன்றாகப் பிடிக்கும்வரை காத்திருங்கள். இல்லையென்றால் பத்தையாகவே பெயர்ந்து வரும்.