புதுப்பிப்பு: இறுகி நின்ற 4ஏ-ஜிஈ எஞ்சின் இப்போது சுற்றுகிறது

போன வாரம் கேட்டிருந்தேன்: என் டொயோட்டா லெவின் காரின் 4ஏ-ஜிஈ எஞ்சினுக்குப் புது பிஸ்டன், ரிங், பெயாரிங் எல்லாம் போட்டுக் கட்டிய பிறகு, கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் முக்கியத் தண்டு) போல்ட்டில் நீளமான பார் போட்டு இழுத்தாலும் சுற்ற மறுக்கிறது, ஏன் என்று. "புது ரிங் அப்படித்தான், ஸ்டார்ட் பண்ணினால் இளகும்" என்று பலர் சொன்னீர்கள். நல்ல வேளை, பண்ணவில்லை.

பிளக் நாலையும் கழற்றினேன், அதே இறுக்கம், ஆகவே கம்ப்ரெஷன் காரணமில்லை. பிஸ்டன்கள் நடுவில் நின்றதால், பெல்ட்டை எடுத்து வால்வுகளைத் திறக்கும் கேம்களைத் தனியாகச் சுற்றினேன், அவையும் சரி. அப்புறம் எஞ்சினைக் கவிழ்த்து, ஆயில் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டன் ராட்களைக் கிராங்கில் பிடிக்கும் ராட் கேப்களை இளக்கினேன், மாற்றமில்லை. கிராங்கைப் பிளாக்கோடு பிடிக்கும் மெயின் கேப்களில் இரண்டாவதையும் நான்காவதையும் இளக்கியதும் கிராங்க் கையாலேயே சுழன்றது!

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் மெக்கானிக் பாஸ் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இலக்கத்தைப் பார்த்தனீங்களோ?" என்றார். ஐந்து கேப்பிலும் இலக்கமும் முன்பக்கம் காட்டும் அம்புக்குறியும் உண்டு. மண்ணெண்ணெயில் கழுவி வைத்தபோது 2ம் 4ம் இடம் மாறியிருக்கின்றன. கேப்களைப் பிளாக்கில் பூட்டி வைத்துத்தான் துளையைக் கடைகிறார்கள், அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று ஒருபோதும் சரியாக உட்காராது. நான்காவது பெயாரிங்கின் ஓரத்தில் நகத்தளவு பளபளப்பாகத் தேய்ந்திருந்தது, பார்க்கவே வயிறு கலங்கியது.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் புது பெயாரிங் வந்தது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அளவில் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து ஐந்தையும் அளந்து, ஒவ்வொரு கேப்பாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் பார்த்தேன். இலகுவாகப் போகிறது. ஞாயிறு பிளக் போடாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.