வளவில் கிடைத்த ரக்பி படம்: எங்க ஐயா விளையாடினாகளா, இல்லையா?

கேட்டவர்: பட்டாலை ஆச்சி

தேவகோட்டைப் பக்கம் எங்க வீடு. போன மாசம் அண்ணன் தம்பிக பங்கு பிரிக்க உக்காந்தாக. எங்க வழக்கத்துல பொம்பளப் புள்ளைக்கு வளவுல, அதான் பூர்வீக வீட்டுல, பங்கு குடுக்கிறதில்ல, அது தெரிஞ்சதுதான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, பட்டாலையில (கூடத்துல) ரெண்டாந் தூணுக்கு மேல மாட்டியிருந்த ஒரு படம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலேருந்து பழைய சாமான் எடுக்கிறவர் வந்து, சட்டம் பர்மாத் தேக்குன்னு சொல்லி மத்த சட்டங்களோட சேத்து விலை பேசிட்டாரு. படத்தைப் பத்தி அவர் வாயே தெறக்கல. தம்பியும் சரின்னு தலையாட்டிட்டான்.

படத்துல 18 பேர். கோடு போட்ட கனத்த பனியனும் முட்டி வரைக்கும் கால்சட்டையும் போட்ட பையங்க 15 பேர், கோட்டு போட்டவுக மூணு பேர். நடுவுல உக்காந்திருக்கிற பையன் மடியில ஒரு பந்து, நீளவாக்குல, முத்தின பப்பாளி கணக்கா. அதுல வெள்ளையா 1929-ன்னு எழுதியிருக்கு. கீழே அட்டையில இங்கிலீசுல 'டிரினிட்டி கல்லூரி, கண்டி'. அதுக்கும் கீழேதான் பேரெல்லாம் இருந்திருக்கணும், செல்லரிச்சுப் போச்சு.

ஐயான்னா எங்க அப்பாவோட அப்பா. அவுகளோட அப்பாவுக்கு கண்டியில வட்டிக் கடை. தோட்டத்து வெள்ளைக்காரங்களோட கணக்கு வழக்கு பேச வீட்டுல ஒருத்தனுக்காவது இங்கிலீசு வேணும்னு என் ஐயாவை அங்கேயே படிக்க வச்சிருக்காக. 'ஐயா காலேஜ் படிச்சவுக'ன்னு ஊர்ல ஒரு பெருமை. ஐயா அந்த விளையாட்டைப் பத்திப் பேசி நான் கேட்டதே இல்ல. பெரியண்ணன் 'ஐயா பிராட்பி கேடயம் ஜெயிச்சவுக'ங்கிறாரு. தம்பி 'ஐயா பந்து பொறுக்கப் போயிருப்பாக, போய் வேலையைப் பாரு'ங்கிறான்.

இந்த விளையாட்டு அந்தப் பள்ளிக்கூடத்துல எப்போ வந்துச்சு? 1929-ல யாரோட ஆடியிருப்பாக? ஐயாவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் எட்டாவது படிக்கிறப்ப ஐயா தவறிட்டாக. எனக்குத் தெரிஞ்ச முகம் அறுபது வயசு முகம். படத்துல இருக்கிறதெல்லாம் மீசை அரும்பாத பையங்க. அடையாளம்னு சொன்னா, ஐயாவுக்கு இடது காது சுருங்கி முண்டு முண்டா இருக்கும். காது குத்துன ஆசாரி கை தப்பி சீழ் வச்சதுன்னு அப்பத்தா சொல்லும். அது பின்னாடி வந்ததோ என்னவோ, படத்துல அப்படி ஒரு காதும் தெரியல.

பதில்: கண்டிக்காரன்

ஆச்சி, நான் கண்டியில பிறந்து வளர்ந்தவன், இப்ப திருச்சியில இருக்கிறன். முதல்ல ஒன்று. எங்கட பக்கம் 'கல்லூரி' என்றால் பள்ளிக்கூடம்தான். டிரினிட்டி 1872-ல் தொடங்கின ஆண்கள் பள்ளி. ஐயா காலேஜ் படித்தது உண்மை, ஆனால் உங்கட ஊர் நினைக்கிற காலேஜ் இல்லை. ஊர்ல சொல்ல வேண்டாம்.

றக்பியை (நாங்கள் இப்பிடித்தான் எழுதுவம்) டிரினிட்டிக்குக் கொண்டு வந்தது ஃபிரேசர் என்ற அதிபர். 1904-ல் வந்தவர், 1924 வரைக்கும் இருந்தவர். 1906-ல் போகம்பரை மைதானத்தில் டிரினிட்டியும் கிங்ஸ்வுட்டும் மோதினதுதான் இலங்கையில் இரண்டு பள்ளிகளுக்கு இடையில் நடந்த முதல் மட்ச். 6-6, சமன். அந்தக் காலத்தில் ஒரு ட்ரைக்கு, அதாவது எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைக்கிறதுக்கு, 3 புள்ளிதான். 1971-ல்தான் 4 ஆச்சு, 1992-ல் 5.

இதில் கிங்ஸ்வுட்காரர் சண்டைக்கு வருவினம். அவர்கள் பள்ளியை 1891-ல் தொடங்கின பிளேஸ் அப்பவே பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைப் பழக்கிவிட்டார், ஆகவே நாங்கள்தான் முதல் என்பினம். அந்த பிளேஸ் டிரினிட்டியின் பழைய மாணவர். அதனால் டிரினிட்டிக்காரர் 'எங்கட பிள்ளைதானே' என்று சிரிப்பினம். கண்டியில் தேத்தண்ணிக் கடையில் இதைத் தொடங்கினால் கடை பூட்டும் வரைக்கும் போகும்.

பிறகு பல வருசம் டிரினிட்டிக்கு எதிராக ஆடப் பள்ளிக்கூடங்களே கிடையாது. அதனால் பிள்ளைகள் மோதினது தோட்டத்துரைமாரின் கிளப்புகளோட. பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஒரு பக்கம், மலையில் ஏறி இறங்கி உரமேறின வெள்ளைக்கார ஆம்பிளைகள் மற்றப் பக்கம். ஐயாவின் அப்பாவிடம் கடன் வாங்கின துரையை ஐயாவே சனிக்கிழமை நிலத்தில் விழுத்தியிருக்கவும் கூடும்! கொழும்பு றோயல் கல்லூரியோட மட்ச் தொடங்கினது 1920-ல்.

உங்கட பெரியண்ணன் சொல்வது மட்டும் சரிவராது. பிராட்பி றோயலின் அதிபராக இருந்தவர். அவர் பேரில் றோயல்-டிரினிட்டி மட்சுக்குக் கேடயம் வந்தது 1945-ல். கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று இரண்டு மட்ச், இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் வெற்றி. 1929 படத்துக்கும் அதுக்கும் 16 வருசம் இடைவெளி. இப்ப டிரினிட்டிக்குப் பல்லேகலையில் சொந்த மைதானம் இருக்கு. ஐயா காலத்தில் போகம்பரைதான், சிறைச்சாலைக்குப் பக்கத்தில்.

பதில்: கோட்டையூர் சீனு

ட்ரைக்கு 3 புள்ளியா? எங்க ஊர்ல புள்ளின்னா வரிக்கணக்குல ஒரு குடும்பம், கோவில் வரி கட்டணுமேப்பா.

ரக்பி நம்ம நாட்டுக்கும் வந்துச்சு ஆச்சி. கல்கத்தாவுல 1872 கிறிஸ்துமஸ் அன்னிக்கே ஆடியிருக்காங்க. அங்க இருந்த கிளப்பு, வெயில் தாங்காம, பட்டாளத்து ஆளுங்களும் கிளம்பிப் போக, நாலஞ்சு வருசத்துல படுத்துருச்சு. பேங்குல மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செஞ்சு லண்டனுக்கு அனுப்பிட்டாங்க. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879-லேருந்து அதுக்குத்தான் அடிச்சுக்குறாங்க. கைப்பிடி மூணும் நாகப்பாம்பு, மூடிமேல யானை. முதல் பணத்தை உருக்கிக் கோப்பை செய்யறதுக்கு, வட்டிக் கடை வச்ச நம்மாளு ஒருத்தர் அந்தக் கிளப்புல இருந்திருந்தா விட்டிருப்பாரா?

பதில்: காது மூக்கு தொண்டை

ஆச்சி, நான் கேக்கப்போறது உங்க காது சமாசாரத்தைப் பத்தி. ஐயா கடுக்கன் போட்டிருந்தாங்களா? போட்டிருந்தா எந்தக் காதுல? முண்டு இருந்தது காதோட மேல்பக்கமா, கீழ மடலா?

ஏன் கேக்கிறேன்னா, கடுக்கன் மாட்டுற கீழ்மடல்ல குருத்தெலும்பே கிடையாது, வெறும் தோலும் கொழுப்பும்தான். அங்க குத்தி சீழ் வச்சா கீழ்மடல்தான் கெடும். கீழ்மடல் நல்லா இருந்து மேல்பக்கம் மட்டும் காலிஃபிளவர் மாதிரி சுருண்டிருந்தா கதை வேற. ரக்பியில ஸ்க்ரம்னு ஒண்ணு உண்டு. ரெண்டு அணியிலயும் எட்டு எட்டுப் பேர் தலையைக் கோத்துக்கிட்டு முட்டித் தள்ளுவாங்க. காது எதிராளி தலையிலயும் பக்கத்து ஆள் தொடையிலயும் நசுங்கும். குருத்தெலும்புக்கும் அது மேல இருக்கிற சவ்வுக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கும். குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் அந்தச் சவ்வு வழியாத்தான். ஒரு சில நாளுக்குள்ள ரத்தத்தை எடுத்துட்டு இறுக்கிக் கட்டாட்டி குருத்தெலும்பு செத்து, முண்டு முண்டா தழும்பு வளந்துடும். அப்புறம் சாகுற வரைக்கும் அப்படித்தான். மல்யுத்தக்காரங்களுக்கும் இதே காதுதான்.

இன்னொண்ணு, அந்தக் காலத்துல ஸ்க்ரம்ல நிக்கிறவங்க காதைக் காப்பாத்த தலையைச் சுத்தித் துணி கட்டிக்குவாங்க. படத்துல அப்படி யாராவது இருக்காங்களா பாருங்க.

கேட்டவர்: பட்டாலை ஆச்சி

டாக்டர் தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு எனக்குக் கை நடுங்கிடுச்சு. ஐயா ரெண்டு காதுலயும் கமலக் கடுக்கன் போட்டிருந்தாக. சின்னப்புள்ளையில அவுக மடியில உக்காந்துக்கிட்டு நான் இடது கடுக்கனைத்தான் திருகித் திருகி விளையாடுவேன், திருகாணி சும்மா சுத்தும். அந்த மடல் பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும். மேலதான் முண்டு, சுக்கைத் தொட்ட மாதிரி. நான் அதையும் தொடப் போனா கையைத் தட்டி விடுவாக. அப்பத்தா சொன்ன ஆசாரி கதையை இத்தனை வருசம் ஒருத்தரும் யோசிச்சுப் பாக்கல.

நேத்து சுவடி படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். பின்வரிசையில இடமிருந்து மூணாவது பையன் தலையில வெள்ளைத் துணி, ரெண்டு காதையும் மூடி மோவாய்க்கட்டைக்குக் கீழ முடிச்சு. அவன் ஒருத்தனுக்குத்தான் நெத்தியில திருநீறு, மூணு பட்டை, லேசா அழிஞ்சிருக்கு. அந்தப் பையனைத்தான் நாங்க இத்தனை காலமும் 'பல்வலிக்காரன்'னு சொல்லிச் சிரிச்சிருக்கோம். ஐயாவும் கூடவே சிரிச்சிருக்காக.

கண்டிக்காரத் தம்பி, 1930 பொருளாதார மந்தத்துல தோட்டத்துக்குக் குடுத்த கடனெல்லாம் நின்னுபோயி ஐயாவைப் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டியாந்துட்டாகளாம். அப்போ அந்தப் படம் எடுத்து ஒரு வருசம் ஆடியிருந்தா அதிசயம்.

இதையெல்லாம் சும்மா இருக்காம தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லித் தொலைச்சேன். இப்ப சாமான் வாங்க வந்தவர்கிட்ட 'அந்த ஒரு சட்டத்தை மட்டும் குடுக்க முடியாது'ன்னுட்டானாம். எனக்கும் குடுக்க மாட்டானாம், 'ஐயா விளையாண்ட படம், ஆம்பளப் புள்ளைக வீட்டுல இருக்கட்டும்'ங்கிறான். பழைய படத்தைச் சட்டத்தைக் கழட்டாமலே நகல் எடுத்துக் குடுக்கிற ஸ்டுடியோ காரைக்குடியில யாருக்காவது தெரியுமா? வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு.